கைப்பிடியைக் காப்பாற்றிய கைக்கு நன்றி

கோத்தகிரியில் நாங்கள் மண்பாண்டம் செய்யப் பழகும் பட்டறையில் மூன்று பேர் சொல்லித் தருகிறார்கள். இந்த நன்றி அவர்களில் ஒருவருக்கு. யார் என்று கேட்டால் மூவரும் சிரிக்கிறார்களே தவிர, வாயைத் திறப்பதில்லை.

அம்மாவுக்காக ஒரு டீ குவளை செய்திருந்தேன். அவருக்கு விரல் மூட்டெல்லாம் வலி. அதனால் நாலு விரலும் தாராளமாக நுழைகிற மாதிரி பெரிய கைப்பிடி வைத்தேன். ஆடி மழை, எங்கும் மூடுபனி. இந்த ஈரத்தில் எங்கே காயப்போகிறது என்று மூடாமலே வைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டேன். மெல்லிய கைப்பிடி முந்திக் காய்ந்து சுருங்கும், தடித்த உடம்பு ஈரமாகவே நிற்கும், ஒட்டிய இடம் விரிசல் விடும். முதல் வாரமே சொல்லித் தந்த பாடம் அது. நீலகிரியில் கோத்தர் பழங்குடிப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பானை வனைவதைச் சொல்லிவிட்டுத்தான் அன்று எங்களை மண்ணைத் தொடவே விட்டார்கள்.

திரும்பி வந்து பார்த்தால், குவளை பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. கைப்பிடியைச் சுற்றி ஈரத்துணி. ஒட்டில் விழுந்திருந்த மயிரிழை விரிசலில் மண்குழம்பு தடவி அழுத்தியிருந்தார்கள். மேல் வளைவில் ஒரு கட்டைவிரல் ரேகை, என்னுடையதைவிடச் சின்னது.

அதை நான் தேய்க்கவில்லை. சூளையில் 1,000 டிகிரிக்கு மேல் வெந்து வந்தும் அப்படியே இருக்கிறது. தினமும் காலையில் அம்மாவின் கட்டைவிரல் அங்கேதான் போய் உட்காருகிறது.

நீங்கள் யாராக இருந்தாலும் சரி, ரொம்ப நன்றி. மூன்று பேருமே ஒரு ஞாயிறு வீட்டுக்கு வாருங்கள். அம்மா டீ போட்டுத் தருவார்.