நான்கு எம்.பி.யை விலைக்குத் தாருங்கள்

கேம் கன்சோல் தயாரிக்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு, குறிப்பாக, தயாரிப்பை நிறுத்திய பிறகும் பழைய கன்சோல்களின் உரிமையைக் கையில் வைத்திருப்பவர்களுக்கு,

வணக்கம்.

2023 டிசம்பர் 4ஆம் தேதி, மிக்ஜாம் புயல் மழையில், வேளச்சேரியில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றது. அரிசி மூட்டையையும் வீட்டுப் பத்திரத்தையும் பரண் மேல் ஏற்றிய எனக்கு, கட்டிலுக்கு அடியில் இருந்த, சோனியின் கேம் கன்சோலான பிளேஸ்டேஷன் 2 நினைவுக்கு வரவில்லை. தண்ணீர் வடிந்த பிறகு எடுத்துக் கவிழ்த்தேன். காற்றுத் துளை வழியாகச் சேறும் செத்த கரப்பான் பூச்சி ஒன்றும் விழுந்தன. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. வெள்ளத்துக்கு நீங்கள் உத்தரவாதம் தரவும் இல்லை.

ஆனால் கேம் டிஸ்குகள் பிழைத்துக்கொண்டன. பதினொன்றையும் நல்ல தண்ணீரில் கழுவி, பழைய வேட்டித் துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்து, மின்விசிறிக்குக் கீழே பரப்பி வைத்தேன். ஒன்பது சரியாக வந்தன. எல்லாமே ரசீதோடு வாங்கியவை. திருட்டு டிஸ்க் ஐம்பது ரூபாய்க்குக் கிடைத்த காலத்தில் முழு விலை கொடுத்து வாங்கியதற்காக நண்பர்கள் என்னைக் கேலி செய்தது தனிக்கதை.

கணினியில் ஆடலாம் என்றார்கள். சாதாரண டிவிடி டிரைவே அந்த டிஸ்குகளைப் படித்துவிடுகிறது. கால் மணி நேரத்தில் முதல் டிஸ்கின் நகல் கணினிக்குள் வந்துவிட்டது. கணினியைப் பிளேஸ்டேஷன் 2 போல நடிக்க வைக்கும் நிரலான பிசிஎஸ்எக்ஸ்2 எமுலேட்டரை நிறுவினேன். அது கேட்ட முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டேன்: பயாஸ் எங்கே?

பயாஸ் என்றால் என்னவென்று உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை, நீங்கள் எழுதியதுதான். கன்சோலுக்குச் சக்தி வந்ததும் முதலில் விழித்துக்கொள்ளும் நிரல். பிளேஸ்டேஷன் 2இல் அதன் அளவு 4 மெகாபைட், அதாவது 4 எம்.பி. என் மகள் கைபேசியில் பூனையைப் படம் பிடித்தால் அந்தப் படமே ஏறத்தாழ அவ்வளவு வருகிறது.

எமுலேட்டர் எழுதியவர்கள் மீது எனக்குக் கோபம் இல்லை. பிளேஸ்டேஷன் 2க்குள் இருக்கும் உங்கள் எமோஷன் எஞ்ஜின் செயலி 300 மெகாஹெர்ட்ஸைக்கூட எட்டாதது. இன்றைய கணினிக்குக் கொசு மாதிரி என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது அப்படியில்லை. பிரதானச் செயலிக்குப் பக்கத்தில் கணக்குப் போடுவதற்கென்றே இரண்டு வெக்டர் அலகுகள், தனியாக ஒரு கிராபிக்ஸ் சில்லு, இன்னொரு செயலி, எல்லாம் ஒன்றுக்கொன்று நேரம் பார்த்து ஓட வேண்டும். தசமக் கணக்கிலும் அது தனி வழியில் போகிறது: மற்ற கணினிகள் 'முடிவிலி' என்று சொல்லும் இடத்தில், தனக்குத் தெரிந்த மிகப்பெரிய எண்ணைச் சொல்லிவிட்டு மேலே நடக்கிறது. அந்தச் சிறு பிசகைச் சரிக்கட்டாவிட்டால் கேமில் தரை இருக்க வேண்டிய இடத்தில் தரை இருக்காது. இதையெல்லாம் சம்பளம் இல்லாமல், இருபது ஆண்டுகளுக்கும் மேலாக, ஆர்வலர்கள் உட்கார்ந்து தீர்த்திருக்கிறார்கள். உங்கள் 4 எம்.பி.யை மட்டும் அவர்கள் தர மாட்டேன் என்கிறார்கள். அது உங்கள் சொத்து, உங்கள் சொந்தக் கன்சோலிலிருந்து நகல் எடுத்துக்கொள்ளுங்கள் என்று கண்ணியமாகச் சொல்கிறார்கள்.

எடுக்கலாம். அதற்கென்று தயார் செய்த மெமரி கார்டு ஒன்றைச் செருகி, பென் டிரைவைப் பொருத்தி, கன்சோலை இயக்கி, ஒரு சிறு நிரலை ஓட்டினால் பயாஸ் வெளியே வந்துவிடும். கன்சோல் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். உயிரோடு இருந்தால் நான் ஏன் எமுலேட்டரைத் தேடுகிறேன்?

மின்னணுச் சாமான் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குக் கன்சோலை எடுத்துப் போனேன். பழுது பார்ப்பவர் மூடியைக் கழற்றி, பலகை மேல் பூத்திருந்த பச்சையை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். "இதில் ஒன்றும் இல்லை சார்" என்றவர், நான் தேடி வந்தது பயாஸ் என்று தெரிந்ததும் சிரித்துவிட்டார். "அதற்கா இந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள்? பென் டிரைவைக் கொடுங்கள், போட்டுத் தருகிறேன். காசு வேண்டாம்."

பென் டிரைவ் சட்டைப் பையில்தான் இருந்தது. கொடுக்கவில்லை. உத்தமன் என்று காட்டிக்கொள்ள இதைச் சொல்லவில்லை. கொஞ்சம் பிடிவாதம், அவ்வளவுதான். யாரோ ஒருவர் இலவசமாகத் தரும் பொருளை, அதன் உரிமையாளரிடம் காசு கொடுத்து வாங்க முடியவில்லை என்பதை மட்டும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

ஆகவே என் கோரிக்கை: தயாரிப்பை நிறுத்திவிட்ட கன்சோல்களின் பயாஸ் கோப்பை நியாயமான விலைக்கு விற்பனைக்கு வையுங்கள்.

நடக்காத காரியம் என்று சொல்லாதீர்கள். பிளேஸ்டேஷன் 3இன் சிஸ்டம் மென்பொருள் முழுவதையும் அதைத் தயாரித்த சோனியே தன் இணையதளத்தில், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளும்படி வைத்தது. பிளேஸ்டேஷன் 3க்கான ஆர்பிசிஎஸ்3 எமுலேட்டர் அதைக்கொண்டுதான் ஓடுகிறது. அதனால் வானம் இடிந்து விழவில்லை. தம்பிக்குக் கொடுத்ததை அண்ணனுக்கு மறுப்பானேன்? பிளேஸ்டேஷன் 2 உலகம் முழுவதும் 15 கோடிக்கும் மேல் விற்றது. 2013 தொடக்கத்திலேயே தயாரிப்பும் நின்றுவிட்டது. அந்த 4 எம்.பி.யைப் பூட்டி வைத்து இன்று எந்த வியாபாரத்தைக் காக்கிறீர்கள்?

இன்னொரு பழைய கன்சோலை வாங்கிக்கொள் என்பீர்கள். வாங்கலாம். அந்தப் பணம் யாரோ முன்பின் தெரியாதவருக்குப் போகும், உங்களுக்கு ஒரு பைசா வராது. அதன் லென்ஸும் இருபது வயதைத் தாண்டியதாகத்தான் இருக்கும். நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவே, முறையாக வாங்கிய கணினி நிரல் அழிந்துபோகாமலிருக்கக் காப்பு நகல் எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. வெள்ளம் வருவதற்கு முன்பே எடுத்திருக்க வேண்டும் என்கிறீர்களா? சரி, அடுத்த முறை வானிலை அறிக்கையைக் கேட்டதும் முதல் வேலையாக அதைச் செய்கிறேன்.

எமுலேட்டர் என்றாலே திருட்டு என்ற தொனியில் பேசுகிறீர்களே, அதுதான் வியப்பாக இருக்கிறது. முதல் பிளேஸ்டேஷனுக்கு எமுலேட்டர் செய்து, அதற்கான பயாஸைத் தாமே புதிதாக எழுதிக்கொண்ட கனெக்டிக்ஸ் நிறுவனத்தின் மீது சோனி வழக்குப் போட்டது. 2000இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றது. பிறகு அந்த எமுலேட்டரையே விலைக்கு வாங்கி ஊற்றி மூடியது. அதே சோனி 2018இல் விற்ற, பழைய கேம்களை அடக்கிய பிளேஸ்டேஷன் கிளாசிக் பெட்டிக்குள் ஓடியது, ஆர்வலர்கள் எழுதிப் பொதுவில் வைத்த ஒரு எமுலேட்டர். அவர்கள் செய்தால் திருட்டு, நீங்கள் பெட்டியில் போட்டு விற்றால் மலரும் நினைவுகள்! நிண்டெண்டோவாரும் சிரிக்க வேண்டாம். உங்கள் பழைய கன்சோல்களான 3டிஎஸ், வீ யூ ஆகியவற்றின் இணையக் கடைகளில் 2023 மார்ச்சில் விற்பனையை நிறுத்தினீர்கள்; அடுத்த மார்ச்சில், உங்கள் ஸ்விட்ச் கன்சோலுக்கான யூசு எமுலேட்டர்காரர்களிடமிருந்து 24 லட்சம் டாலருக்குச் சமரசம் எழுதி வாங்கினீர்கள். அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் கணக்குக் காட்டியது. மிச்சமுள்ள 13 சதவீதத்தை வைத்து இன்னும் எத்தனை முறை எங்களுக்கே மறுபடி விற்பீர்கள்?

மன்னிக்கவும், எங்கோ போய்விட்டேன். கேட்க வந்தது ஒரு கோப்பு.

பிழைத்த ஒன்பது டிஸ்குகளில் 'தேசி அடா' என்ற கேம் ஒன்று. 2009இல் ஹைதராபாத்தில், பிளேஸ்டேஷன் 2க்காகச் செய்தது. கபடி, பட்டம் என்று நம் தெரு விளையாட்டுகள் அதில் உண்டு. அதை இப்போது எந்தக் கடையிலும் நான் பார்க்கவில்லை. புதுப்பித்துத் தருவீர்கள் என்ற நம்பிக்கையும் இல்லை. என் மகள் உறையிலுள்ள படத்தைப் பார்த்துவிட்டு, எப்போது ஆடலாம் என்று வாரம் ஒரு முறை கேட்கிறாள். கணினி தயார், டிஸ்கின் நகல் தயார்.

தயவுசெய்து அந்த பயாஸ் கோப்பை விலைக்குத் தாருங்கள். உரிமைக்குச் சான்று கேட்டால், கன்சோலின் அடியில் ஒட்டியிருக்கும் வரிசை எண் தாள் சேற்றில் ஊறியும் எழுத்து அழியாமல் இருக்கிறது. படம் எடுத்து அனுப்புகிறேன். பெட்டியையே அனுப்பு என்றாலும் சம்மதம். கூரியர் செலவு என்னுடையது. கரப்பான் பூச்சியை எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாடிக்கையாளன்,
வேளச்சேரி, சென்னை