ஜேம் டின்னில் மழை

ஆசிரியர் அவர்களுக்கு,

சூழல் அக்கறையும் ஒரு மதம்தான் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்து வாசகசாலையில் ஒரு தம்பி அடித்துப் பேசினார். 2003இல் அமெரிக்க எழுத்தாளர் மைக்கல் கிரைட்டன் சொன்ன வாதம்தான் அது: ஏதேன் தோட்டம், வீழ்ச்சி, தீர்ப்பு நாள் எல்லாம் இதிலும் உண்டாம்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். 2021இல் இயற்கை விவசாயம் என்று சொல்லி இலங்கையில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்தபோது, ஒரு கூட்டத்தில் ‘இந்த மண்ணைப் பரிசோதித்தீர்களா?’ என்று கேட்டேன். பிரசாதத்தில் உப்புக் குறை சொன்னவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். மலையில் தேயிலைக் கொழுந்து குறைந்தது. கொழுந்து எடுக்கும் என் மருமகளுக்குப் பல நாள் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுந்தது. நவம்பரில் தடையை எடுத்தார்கள். அரைப்பேரை யாரும் முழுப்பேர் ஆக்கித் தரவில்லை.

ஆனால் மண்சரிவு விஷயம் வேறு. கொஸ்லந்தை மீரியபெத்த தோட்டத்தில் 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்கள், தொழிலாளரின் வரிசை வீடுகள், புதைந்த பிறகு, கொல்லையில் ஒரு ஜேம் டின் வைத்திருக்கிறேன், மழை அளக்க. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் என்றால் விழிப்பு, 100 என்றால் தயார்நிலை, 150 என்றால் வெளியேற வேண்டும். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது. நம்பிக்கை எதற்கு? டின்னுக்குள் அடிமட்டத்தை (அளவுகோலை) விட்டுப் பார்த்தால் போதும்.

ஒரு ஐப்பசி இரவு 80ஐத் தாண்டியது. மனைவி மாரியம்மனுக்குக் கற்பூரம் கொளுத்தினாள். நான் அடையாள அட்டைகளைப் பையில் போட்டேன். இரண்டு பேரும் தூங்கவில்லை.

அந்த மூன்று எண்களையும் மழைக்காலத்தில் உங்கள் முதற்பக்க மூலையில் போடுவீர்களா?

ஓய்வுபெற்ற தோட்டப் பாடசாலை ஆசிரியர்,
மஸ்கெலியா.