அம்மாவைக் குணமடைந்தோர் கணக்கில் எழுதிய பிறகு வந்தவர்களுக்கு

பத்தாங் பெர்ஜுந்தை மக்களுக்கு வணக்கம். 2007-லேயே நம் சிலாங்கூர் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். கடித உறையில் நானும் அப்படித்தான் எழுதுகிறேன். வாய் திறந்தால் மட்டும் பழைய பெயர்தான் வருகிறது.

இந்த நன்றி மடல் இரண்டு வருடம் தாமதம். அம்மா முழுசாகத் தேறட்டும், பிறகு எழுதலாம் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். 2023 மே 5-ஆம் தேதி கோவிட் அவசரநிலை முடிந்தது என்று உலகச் சுகாதார நிறுவனம் அறிவித்தது. அன்று காலை அம்மா கிளினிக்கில் சிறுநீரகச் சோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டு, பசியாறாமல், என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தார். இனியும் காத்திருப்பதில் அர்த்தமில்லை என்று அப்போதுதான் பட்டது.

பலருக்கும் கதையில் பாதிதான் தெரியும். அம்மா மருத்துவமனைக்குப் போனது கொரோனாவுக்காக இல்லை, கால் புண்ணுக்காக. 2021 ஜூலை. உதிரிப் பழம் பொறுக்கும்போது செம்பனை மட்டை முள் பூட்ஸைத் துளைத்து உள்ளங்காலில் ஏறியிருக்கிறது. இருபது வருட இனிப்புநீர் (நீரிழிவு) நோயாளி, காலில் உணர்ச்சி குறைவு. மூன்று நாள் கழித்து பூட்ஸுக்குள் ஏதோ ஈரம் என்று கழற்றிப் பார்த்தால் சீழ்.

எந்த மருத்துவமனை என்று எழுதப் போவதில்லை. சேர்க்கும்போது மூக்கில் எடுத்த சுவாப் சோதனையில் தொற்று இல்லை என்றுதான் வந்தது. ஆறு கட்டில் போட்ட அறை, திறக்க முடியாத சன்னல், நிற்காமல் ஓடும் ஏர்கோன், எல்லாருக்கும் ஒரே கழிவறை. நான்காம் நாள் எதிர்க்கட்டில் பாட்டிக்கு இருமல். அவருக்கும் சேரும்போது தொற்று இல்லைதான். ஏழாம் நாள் அம்மாவுக்குக் காய்ச்சல்.

"காலைக் காட்டத்தானே கொண்டு வந்தோம், கொரோனாவை வாங்கிக் கொடுத்துவிட்டீர்களே" என்று போனில் கத்தினேன். அன்று என் பேச்சை வாங்கிக் கட்டிக்கொண்ட மிஸ்ஸியிடம் (தாதியிடம்) மன்னிப்புக் கேட்கவும் எனக்கு இந்த மடல்தான் இடம். அடுத்த வாரம் உங்களுக்கும் தொற்றிவிட்டது என்று பிறகுதான் தெரிந்தது. ஒரு சொல் திருப்பிச் சொல்லாமல், "உங்க அம்மா இன்னிக்கு அரை மங்கு கஞ்சி குடிச்சாங்க" என்றுதானே சொன்னீர்கள்.

கோபம் அடங்கியபின் தேடிப் படித்தேன். கிருமி உடம்பில் புகுந்து சோதனையில் தெரிவதற்குச் சில நாள் ஆகும். அந்த இடைவெளியில் எடுக்கும் சுவாப் இல்லை என்றே காட்டும். காய்ச்சலோ இருமலோ தொடங்குவதற்கு முன்பே மூச்சிலும் பேச்சிலும் கிருமி வெளியேறத் தொடங்கிவிடும். காற்றோட்டம் இல்லாத அறையில் அது மிதந்துகொண்டே இருக்கும். 2020 தொடக்கத்தில் வூஹானில் ஒரே மருத்துவமனையின் 138 நோயாளிகளை ஆராய்ந்தபோது, 41 விழுக்காட்டினருக்கு அந்த மருத்துவமனைக்குள்ளேயே தொற்றியிருக்கலாம் என்று கண்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அங்கே வேலை செய்தவர்கள். 2003-ல் சார்ஸ் வந்தபோதும் ஐந்தில் ஒருவர் மருத்துவப் பணியாளர்தான். இதெல்லாம் தெரிந்திருந்தால் போனில் குரல் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். இருந்தாலும் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: பாட்டி இரும ஆரம்பித்த அன்றே ஆறு பேருக்கும் மறுபடி சோதித்திருக்கலாம். இரண்டு நாள் போய்விட்டது. அம்மாவுக்கு அப்போது ஒரு தடுப்பூசிதான் ஆகியிருந்தது. இரண்டாவதுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

மூன்றாம் நிலை என்றார்கள், இரண்டே நாளில் நான்காம் நிலை. அதாவது நிமோனியாவோடு ஆக்சிஜனும் வேண்டும். டெக்ஸாமெத்தாசோன் கொடுத்தார்கள். ஆக்சிஜன் தேவைப்படுகிறவர்களில் இறப்பை ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும் என்று 2020 ஜூனில் பிரிட்டன் ஆய்வில் தெரியவந்த மருந்து. உயிரைக் காப்பாற்றியது அதுதான் என்று நம்புகிறேன். ஆனால் அது இரத்தத்தில் இனிப்பை ஏற்றிவிடும். அம்மாவுக்கு நம் நாட்டு mmol/L கணக்கில் 22-ஐத் தொட்டது. இனிப்பு ஏறினால் புண் ஆறாது. ஒன்றுக்குக் கொடுத்தால் இன்னொன்று கெட்டது.

உள்ளே போய்ப் பார்க்க அனுமதி இல்லை. அம்மாவுக்குக் கைப்பேசியைப் பிடிக்கத் தெம்பில்லை. தரை கூட்ட வரும் மக்சிக் (மலாயில் அத்தை முறை) ஒருவர் அதைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு முடிந்து, முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார். அவர் வேலையும் அது இல்லை, நேரமும் அது இல்லை. குப்புறப் படுத்தால் நுரையீரலுக்குக் காற்று நன்றாகப் போகும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வலி தாங்காமல் அம்மா திரும்பிவிடுவார். வாளியைக் கீழே வைத்துவிட்டு மக்சிக் முதுகைத் தட்டுவார்: "மெனியாராப், அம்மா, மெனியாராப்." இப்போதும் வீட்டில் யாராவது குப்புறப் படுத்தால் அம்மாவுக்கு அந்தச் சொல்தான் வருகிறது. மக்சிக், தெரீமா காசே. உங்கள் பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டோம்.

ஆகஸ்டில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அன்றைய சுகாதார அமைச்சின் அறிக்கையில் குணமடைந்தோர் என்ற எண்ணுக்குள் அம்மாவும் ஒருவர். அதே மாதம் 26-ஆம் தேதி மலேசியாவில் ஒரே நாளில் 24,599 பேருக்குத் தொற்று. கட்டில் காலியாக வேண்டியிருந்ததும் புரிகிறது. ஆனால் குணமான அம்மா அடுப்படியிலிருந்து குளியலறைக்குப் போக நடுவில் இரண்டு முறை உட்கார்ந்தார். பதினொரு அடி தூரம்.

அங்கிருந்துதான் உங்கள் வேலை தொடங்கியது.

டிரெசர் ஐயா, நீங்கள் தோட்ட ஆஸ்பத்திரியில் மருத்துவ உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றுப் பத்து வருடத்துக்கு மேல் இருக்கும். ஒருநாள் விட்டு ஒருநாள் மோட்டார் சைக்கிளில் வந்து புண்ணுக்கு மருந்து கட்டினீர்கள். உட்கார்ந்திருக்கும்போது விரலில் மாட்டும் கருவி ஆக்சிஜன் 96 விழுக்காடு காட்டுகிறதே என்று நான் நிம்மதியாக இருந்தேன். "நடக்கவிட்டுப் பாரு" என்றீர்கள். வாசல் வரை போய் வந்ததும் 88. அன்று நீங்கள் விரட்டியதால்தான் மறுபடி போய்ப் படம் எடுத்தோம், நுரையீரலில் தழும்பு இருப்பது தெரிந்தது.

கேஸ் கடை அங்கிளுக்கு அடுத்த நன்றி. அம்மாவுக்கு வாசனை போய்விட்டது, கூடவே மறதி. நெத்திலி சம்பல் கருகிப் புகை கூடம் வரை வந்தும் கிண்டிக்கொண்டே இருந்தார். ஒருநாள் அடுப்பைத் திருகிவிட்டுப் பற்ற வைக்க மறந்துபோனார். அந்த நேரம் கேஸ் தோம்பு (சிலிண்டர்) கொண்டு வந்த அங்கிள்தான் ஓடி வந்து அடைத்தார். மறுநாள் ரப்பர் குழாயையும் தலையையும் புதிதாக மாற்றிவிட்டு, காசு நீட்டியதற்குத் திட்டிவிட்டுப் போனார்.

சிறுநீரகம் ஏன் கெட்டது என்று எனக்கு விளங்கவே இல்லை. மூச்சு நோய்தானே? கிளினிக் டாக்டரம்மா அம்மாவிடம், "சின்ன வயசில் என்ன வேலை?" என்று கேட்டார். பால்மரம் வெட்டினேன் என்றார் அம்மா. "பாலில் ஆசிட் விட்டால்?" "உறைஞ்சு கட்டியாயிடும்." "இந்தக் கிருமி இரத்தக் குழாயின் உள்சுவரைப் புண்ணாக்குது. அங்கங்கே இரத்தம் அப்படிக் கட்டுது. குழாய் இல்லாத உறுப்பு ஏது?" மருத்துவமனையில் வயிற்றில் தினமும் ஊசி போட்டது அப்படிக் கட்டாமல் இருக்கத்தான் என்று அம்மாவுக்கு அன்றுதான் புரிந்தது. உங்களிடம் முன்பே இருக்கும் இனிப்புநீரும் சேர்ந்துதான் சிறுநீரகத்தைக் கெடுத்தது, எது எவ்வளவு என்று பிரிக்க முடியாது என்றும் மறைக்காமல் சொன்னார். அதற்காகவே அவருக்குத் தனி நன்றி.

மூன்றாம் லயத்து மாமா, உங்களைக் கொரோனா தொடவே இல்லை. ஆனால் கண் மருத்துவச் சந்திப்பை இரண்டு முறை தள்ளிப் போட்டதில் வலது கண் போய்விட்டது. அந்தக் கணக்கை எந்த அறிக்கையில் சேர்ப்பார்கள் என்று தெரியவில்லை. நான் வேலைக்குப் போன காலை நேரங்களில் எல்லாம் வந்து அம்மாவுக்குத் துணையிருந்தீர்கள். பழைய கங்காணிகளின் கதை சொல்லிச் சொல்லி, மறந்துபோன பெயர்களை ஒவ்வொன்றாக அம்மாவின் வாயிலிருந்தே வரவைத்தீர்கள்.

கோயில் இளைஞர்களுக்கும் நன்றி. உதவி வேண்டும் வீடுகள் வாசலில் வெள்ளைக் கொடி கட்டிய காலம் அது. கட்ட அம்மா சம்மதிக்கவில்லை. கட்டாத கொடியைப் பார்த்து அரிசியும் சார்டினும் கொண்டு வந்தீர்கள்.

கடைசியாக லோரி ஓட்டும் அண்ணன். அண்ணே, அந்த ஆக்சிஜன் இயந்திரம் உங்கள் அப்பாவுக்காகக் கடன் வாங்கி வாங்கியது. அவர் பத்து நாள்தான் பயன்படுத்தினார். காரியம் முடிந்த கையோடு எங்கள் வீட்டு வாசலில் இறக்கினீர்கள். இரவில் அது ஓடும் சத்தம் உங்கள் வீட்டுக்கும் கேட்டிருக்கும். எங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை.

அம்மாவுக்கு இப்போது அது தேவைப்படவில்லை. கோயிலுக்கு நடந்தே போகிறார், நடுவில் ஒரு முறைதான் உட்காருகிறார். திருப்பித் தர வந்தபோது "வேண்டியவங்களுக்குக் கொடு" என்றீர்கள். ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன்: இயந்திரம் எங்கள் வீட்டில் இருக்கிறது. வடிகட்டி புதிதாகப் போட்டிருக்கிறது. மூக்குக் குழாய் மட்டும் அவரவர் வாங்கிக்கொள்ள வேண்டும். வயர் குட்டை, கட்டில் சுவரோரம் இருந்தால்தான் எட்டும். எந்த நேரமானாலும் கதவைத் தட்டலாம்.

இப்படிக்கு,
அம்மாவின் மூத்த மகள்