குவாட் வண்டியின் அகலத்தையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஸ்போர்ட் குவாட், அதாவது பைக் மாதிரி ஹேண்டில் பிடித்து ஓட்டும் நாலு சக்கர வண்டி பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் எல்லாம் அருமை. ஆனால் 700 சிசி வண்டியை ஒடுக்கமான காட்டுப் பாதைக்குள் கொண்டுபோவது முட்டாள்தனம், அங்கே 450தான் சரி என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். பக்கத்தில் ஒரு அட்டவணை வேறு. சிசி இருக்கிறது, குதிரைத்திறன் இருக்கிறது, டாப் ஸ்பீடு இருக்கிறது, மரங்களுக்கு நடுவே போகிறவன் முதலில் கேட்கிற அகலம் மட்டும் இல்லை.

நான் தண்டையார்பேட்டையில் டூவீலர் மெக்கானிக். மச்சான் குடும்பம் அமெரிக்காவில் பென்சில்வேனியா பக்கம் இருக்கிறது. அங்கே போயிருந்தபோது அவருடைய யமஹா ராப்டர் 700-ஐ, தெரிந்தவர் ஒருவரின் சொந்தக் காட்டு நிலத்தில் ஆசை தீர ஓட்டியிருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ராப்டர் 700-இன் அகலம் சுமார் 46 அங்குலம். அதே கம்பெனியின் ஒய்எஃப்இசட் 450ஆர், ஏறக்குறைய 49. அதாவது சிசி குறைந்த வண்டிதான் அகலம் அதிகம்! அமெரிக்க வனத்துறையின் பல குவாட் பாதைகளில் 50 அங்குலத்துக்கு மேல் அகலமான வண்டிக்கு அனுமதி கிடையாது, அங்கே எஞ்சினை யாரும் அளப்பதில்லை. நம்ம ஆட்டோவே 51 அங்குலம்தான். ஆகவே தீபாவளிக்கு முந்தின வாரம் வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக் கடைவீதியில் ஆட்டோ விட்டவருக்கு அந்தப் பாதை எப்படி இருக்கும் என்று நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

பவர் விஷயத்துக்கு வருகிறேன். 450 பந்தயத்துக்குச் செய்த எஞ்சின், உயர்ந்த ஆர்பிஎம்மில்தான் அதற்கு உயிர். மெதுவாகப் போகும்போது கிளட்சைப் பிடித்துப் பிடித்து விட்டே இடது கை வீங்கிவிடும். 700 ஒற்றை சிலிண்டர், குறைந்த ஆர்பிஎம்மிலேயே இழுவை இருக்கிறது, இரண்டாவது கியரில் போட்டுவிட்டுக் கட்டைவிரலால் ஆக்சிலேட்டரைப் பட்டும் படாமலும் அழுத்தினால் ஈர இலை மேலும் வேர் மேலும் தானாக ஏறிப் போகும். பத்தவில்லை என்றால் செயின் ஓடும் முன் ஸ்பிராக்கெட்டில் ஒரு பல் குறைத்துக்கொள்ளலாம், பெரிய வேலை இல்லை. அப்புறம் ரிவர்ஸ். பாதையில் மரம் விழுந்து கிடக்கிறது, இரண்டு பக்கமும் திருப்ப இடமில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள், ராப்டரில் ரிவர்ஸ் கியர் உண்டு, ஒய்எஃப்இசட்டில் கிடையாது, இறங்கிப் பின்பக்கத்தைப் பிடித்து இழுக்க வேண்டியதுதான்.

பெரிய வண்டி அப்பாவி என்று நான் சொல்லவில்லை. பெட்ரோலோடு 190 கிலோவுக்கு மேல் எடை, மேலே கவிழ்ந்தால் கவிழ்ந்ததுதான். ஆனால் ஆபத்து எங்கே இருக்கிறது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை. இந்த வண்டிகளில் பின் ஆக்சில் ஒரே தண்டு, வளைவில் இரண்டு சக்கரத்தையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. இரண்டு பின் சக்கரமும் ஒரே வேகத்தில் சுற்றுவதால் ஹேண்டிலை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகவே தள்ளிக்கொண்டு போகப் பார்க்கும். எழுந்து நின்று, முழங்காலை மடக்கி, உடம்பை முன்னாலும் வளைவின் உள்பக்கமும் சாய்த்தால்தான் திரும்பும். அப்போதும் முன் சக்கரம் தப்பித்த மரத்தை உள்பக்கப் பின் சக்கரம் போய்ப் பிடிக்கும். டயர் அடிமரத்தில் கடித்து ஏறும், பட்டை உரிந்து பச்சை வாசனை வரும், அதற்குள் வண்டி ஒரு பக்கமாகத் தூக்கிவிடும். அந்த நேரத்தில் பைக் ஓட்டிப் பழகியவன் என்ன செய்வான்? காலைக் கீழே ஊன்றுவான். குவாட்டில் ஊன்றினால் பின் டயர் காலை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் குழாய் வைத்து வலை கட்டியிருப்பது ஸ்டைலுக்கு இல்லை, கால் கீழே போகாமல் இருக்கத்தான். அதேபோல் கிளை அடித்து விரல் உடையாமல் இருக்க ஹேண்டிலில் கை காப்பு. சிசி எதுவானாலும் இந்த இரண்டும் இல்லாமல் மரத்துக்கு நடுவே போகக் கூடாது.

இங்கே காட்டுக்குள் ஓட்டலாம் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம், குரங்கணித் தீக்குப் பிறகு நடந்து போவதற்கே கட்டுப்பாடு இருக்கிறது, அது சரியும்கூட. ஆனால் ஈ.சி.ஆர். பக்கம் ஒரு இடத்தில் சவுக்குத் தோப்புக்குள் குவாட் சவாரி விடுகிறார்கள், போய்ப் பார்த்தேன். கை காப்பும் இல்லை, வலையும் இல்லை. 16 வயதுக்குக் கீழே ஓட்டக் கூடாது என்று வண்டியிலேயே ஸ்டிக்கர், அதன் மேல் பள்ளிக்கூடப் பையன் உட்கார்ந்திருக்கிறான், பின்னால் அப்பா. ஸ்போர்ட் குவாட் ஒருத்தருக்கு மட்டும் செய்த வண்டி. இன்னொருவர் ஏறினால் ஓட்டுகிறவர் உடம்பைச் சாய்க்க இடம் ஏது? கேட்டால், "சின்ன எஞ்சின்தான் சார், ஒண்ணும் ஆகாது" என்கிறார் அங்கிருந்த தம்பி. உங்கள் கட்டுரையும் கிட்டத்தட்ட அதையேதான் சொல்கிறது, அதனால்தான் எனக்கு இவ்வளவு ஆதங்கம்.

வடசென்னைக்காரர்களுக்கு இந்த ஆசை புதிதல்ல, சோழவரம் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் எங்கள் தெருவில் பாதிப் பேர் அங்கேதான் கிடப்பார்கள் என்று அப்பா சொல்வார். ஆசைப்படுகிறவர்கள் உங்கள் அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். அடுத்த வாரம் அதில் இரண்டு விவரம் சேருங்கள்: வண்டியின் அகலம், ரிவர்ஸ் உண்டா இல்லையா. இடம் போதவில்லை என்றால் டாப் ஸ்பீடை எடுத்துவிடுங்கள், மரங்களுக்கு நடுவே அதற்கு ஒரு வேலையும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
தண்டையார்பேட்டை, சென்னை - 81