களத்து வீட்டுச் சுவர்கள்

ஈசூன், சிங்கப்பூர்
2 செப்டம்பர் 2024

அன்புள்ள இளங்கோ,

ஒரத்தநாட்டுக் களத்து வீட்டுக்கு நாம் ஒதுக்கிய பணம் ஏன் போதவில்லை என்று போன வாரம் தொலைபேசியில் கேட்டாய். பாதிச் செலவை ஏற்றிருப்பவன் கேட்பதில் தவறில்லை. பேச்சில் சொன்னால் என் பங்கை நானே பூசி மெழுகிவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கூரை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்தபோது, ஒரத்தநாடு, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தென்னைகளோடு நம் மேற்குத் தாழ்வாரத்து ஓடுகளும் போயின. அப்போது குடியிருந்தவர் நம் பதிலுக்குக் காத்திராமல், தம் செலவிலேயே ஆஸ்பெஸ்டாஸ் தகடு போட்டுக்கொண்டார். அதை உடைத்தால் பறக்கும் நார்த்தூள் நுரையீரலைக் கெடுக்கும். எனவே தகடுகளை நனைத்து, ஆணிகளைக் கழற்றி, முழுதாக இறக்கச் சொன்னேன். ஒரு நாள் வேலை மூன்று நாளானது. பழைய சீமை ஓட்டின் காடி புது ஓட்டோடு பொருந்தாததால், மன்னார்குடிப் பக்கம் இடித்த வீடு ஒன்றிலிருந்து அதே வார்ப்பு ஓடுகளைத் தேடி வாங்கவும் நேர்ந்தது. பனங்கைகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. வைரம் பாய்ந்த பனையைக் கரையான் எளிதில் தொடாது. உன் தாத்தா மரம் பார்த்து வாங்கியவர்.

பெருஞ்செலவு சுவரில்தான். சிங்கப்பூரின் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்சு இழுத்துச் சேர்த்த சிங்கப்பூர் வெள்ளிப் பணத்தை, ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் போய் இறங்கிய ஒவ்வொரு முறையும் தாத்தா ஒரு சுவராக எழுப்பினார் என்று என் அம்மா சொல்வார். 1962இல் வீடு முடிந்தது. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும். மேற்பூச்சும் கடுக்காய், கருப்பட்டி ஊறிய தண்ணீரில் குழைத்த சுண்ணாம்புதான். தாத்தா மறைந்தபின் 2001இல், வீட்டை வாடகைக்கு விடுவதற்காக நான் இங்கிருந்து பணம் அனுப்பினேன். சுவர் உதிர்கிறது என்றார்கள். அப்படியானால் சிமெண்டு பூசி எமல்ஷன் அடித்துவிடுங்கள், நம் வீவக அரசு அடுக்குமாடி வீடுபோல் பளிச்சென்று இருக்கட்டும் என்று என் கையாலேயே எழுதினேன்.

அந்தக் கடிதம் செய்த வேலையை இந்த ஜூன் மாதம் நேரில் பார்த்தேன். பழைய செங்கல் சுவர் மண்ணிலிருந்து ஈரத்தை உறிஞ்சத்தான் செய்யும். புது ஆறு என்னும் கல்லணைக் கால்வாயில் தண்ணீர் வந்து வயல் நிறைந்திருக்கும் மாதங்களில் இன்னும் அதிகமாக உறிஞ்சும். சுண்ணாம்புப் பூச்சு அந்த ஈரத்தை அங்கங்கே காற்றில் விட்டுவிடும். சிமெண்டும் எமல்ஷனும் அந்த வழியை அடைத்துவிட்டதால் ஓதம் மேலே மேலே ஏறி, கூடவே வந்த உப்பு பூச்சுக்குப் பின்னால் படிந்து, செங்கல்லையே பொரிய வைத்திருந்தது. நம் ஈசூன் வீடு ஒன்பதாம் மாடியில் கான்கிரீட்டில் நிற்கிறது. மண்ணிலிருந்து ஏறும் ஓதத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதைப் பார்த்து இதைப் பூசச் சொல்லியிருக்கிறேன்.

கொத்தனார் உளியால் பூச்சைப் பெயர்த்தபோது, கையகலச் சிமெண்டின் பின்னால் ஈர மாவுபோல் செங்கல் கொட்டியது. “இது குடியிருந்தவங்க பண்ணதில்லைங்கம்மா, இந்தப் பூச்சு பண்ணது” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஏனென்றால், சென்ற ஆண்டு அவர்கள் காலி செய்தபோது, இருபது ஆண்டுகள் குடியிருந்து சுவரைப் பாழாக்கிவிட்டார்கள் என்று முன்பணம் அறுபதாயிரத்தில் நாற்பதாயிரத்தை நான் பிடித்துக்கொண்டேன். தண்ணீரை அடித்துக் கழுவிக் கழுவியே கெடுத்தீர்கள் என்று அந்த அம்மாவிடம் முகத்துக்கு நேராகவும் சொன்னேன். தம் செலவில் கூரை போட்ட குடும்பம் அது. அதைக்கூட அன்று குற்றக் கணக்கில்தான் எழுதினேன்.

நாற்பதாயிரத்தையும் தகட்டுக்கு அவர்கள் செலவழித்ததையும் சேர்த்து அனுப்பிவிட்டேன். நீ கேட்ட கணக்கில் ‘மற்றவை’ என்று இருப்பது அதுதான். தொலைபேசியில் மன்னிப்புக் கேட்டபோது அந்த அம்மா சற்று நேரம் பேசவில்லை, பிறகு, “கொல்லையில நார்த்தை காய்ச்சிருக்காக்கா?” என்று கேட்டார். காய்த்திருந்தது. ஒரு பை கொடுத்தனுப்பினேன்.

சிமெண்டைச் சுத்தமாகப் பெயர்த்து, பொரிந்த செங்கற்களை மாற்றி, இரண்டு மாதம் சுவரைச் சும்மா காயவிட்டோம். இப்போது சுண்ணாம்பை நீற்றிக் குழியில் ஊறப் போட்டிருக்கிறார்கள். மூன்று பூச்சு, ஒன்று இறுகாமல் அடுத்ததைப் போட்டால் வெடிப்பு விடும். ஐப்பசி அடைமழைக்கு முன் முடிய வேண்டும் என்பதால், இன்னும் இரண்டு ஆட்கள் கூலி கேட்கிறார்கள்.

இவ்வளவுக்கும் விற்றுவிடலாமே என்று நீ சொல்லாமல் விட்டது எனக்குக் கேட்டது. சிங்கப்பூர்க் குடிமக்களான நமக்கு, ஓசிஐ என்னும் வெளிநாட்டு இந்தியர் அட்டை இருந்தாலும், இந்தியாவில் விவசாய நிலத்தையோ பண்ணை வீட்டையோ விலைக்கு வாங்க அனுமதியில்லை. வாரிசாக வந்ததை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவே. விற்றபின் மனம் மாறினால் திரும்பி வாங்க முடியாது. நான் இருக்கும்வரை அந்த முடிவை எடுக்கப் போவதில்லை. எனக்குப் பின் நீ எடு.

முன்னறைக்கு ஃபால்ஸ் சீலிங் போட்டு ஏர்கான் வைக்கலாம் என்ற உன் யோசனையை நான் ஏற்கவில்லை. ஓட்டுக் கூரையை மூடிவிட்டால் எங்கே ஒழுகுகிறது, எங்கே கரையான் ஏறுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஒருமுறை மூடிக் கெடுத்தது போதும். சிவப்புக் காவித் தரையும் அப்படியே இருக்கும். பளிங்கு ஓடு உன் மெல்பர்ன் வீட்டுக்குப் போட்டுக்கொள்.

குளியலறையில் மட்டும் உன் விருப்பப்படி செய்யலாம். வெந்நீர்க் கருவி வேண்டுமா, எந்தச் சுவரில் வேண்டும் என்பதை 15ஆம் தேதிக்குள் தெரியப்படுத்து. பூசி முடித்தபின் குழாய்க்காக அந்தச் சுவரில் உளி வைக்க நான் விடமாட்டேன்.

அன்புடன்,
அம்மா