கொண்டல் வீசும் தீவிலிருந்து

பெத்தி-பூர், குவாதலூப்

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இங்கே எல்லோரும் நலம். பிப்ரவரியில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரப்போவதாக நீ எழுதியதைப் படித்ததிலிருந்து வீட்டில் இதே பேச்சுதான். எங்கெங்கே போகலாம், என்னென்ன எடுத்து வர வேண்டும் என்று அத்தான் கேட்டிருந்தார். அதனால் கடிதம் கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள், அம்மாவுக்கும் படித்துக் காட்டு.

முதலில் காற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நம்மூர் மீனவர்கள் கொண்டல் என்பார்களே, அந்தக் கீழைக்காற்றுதான் இங்கே வருஷம் முழுக்க வீசுகிறது. கரீபியக் கடலில் இருக்கும் இந்தக் குவாதலூப் தீவுக்கு இரண்டு பாதி. கிழக்கில் இருப்பது கிராந்த்-தேர்: சுண்ணாம்புப் பாறை, தட்டை நிலம், கரும்பு. மேற்கில் பாஸ்-தேர்: எரிமலை, காடு, அருவி. நடுவில் ஒரு குறுகலான உப்பங்கழி, அதன்மேல் இரண்டு பாலங்கள். கிழக்கே இருந்து ஈரத்தோடு வரும் காற்று பாஸ்-தேர் மலையில் மோதி மேலேறி, அங்கேயே மழையாகக் கொட்டிவிடுகிறது. உச்சியில் வருஷத்துக்குப் பத்து மீட்டர் அளவுக்கு மழை பெய்யும். மலைக்குப் பின்னால், மேற்குக் கரையில், வானம் தெளிவாகவும் கடல் குளம் மாதிரியும் இருக்கும். கிழக்குக் கரையில் அலை, இழுப்பு, கரையில் ஒதுங்கும் சர்காசம் என்ற கடற்பாசி. ஆகவே காலையில் எழுந்ததும் மலையையும் காற்றையும் பார்த்துவிட்டுத்தான் அன்றைக்கு எங்கே போவது என்று முடிவு செய்ய வேண்டும். எந்த நாள் எங்கே என்று ஊரிலிருந்தே தேதி போட்டுக்கொண்டு வந்தால் பாதி நாள் மேகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருக்கும்.

விசா விஷயத்தில் ஒன்று. பாரிஸுக்கு வாங்கும் ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசா, இங்கே செல்லாது. குவாதலூப் பிரான்சின் மாவட்டம்தான் என்றாலும் ஷெங்கன் எல்லைக்குள் இல்லை. விண்ணப்பிக்கும்போதே கடல்கடந்த பிரெஞ்சுப் பகுதிக்கும் சேர்த்துக் கேளுங்கள். பிரெஞ்சு பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் சொந்தக்காரர்கள் இதை அறிந்திருக்க மாட்டார்கள், அவர்களிடம் கேட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். பாரிஸிலிருந்து இங்கே எட்டு மணி நேரத்துக்கு மேல் பறக்க வேண்டும். பாரிஸில் இறங்கும் விமான நிலையமும் ஏறும் விமான நிலையமும் ஒன்றுதானா என்று டிக்கெட்டில் பாருங்கள். வேறு வேறாக இருந்தால் ஊரைக் குறுக்கே கடக்க அரை நாள் போய்விடும்.

அத்தான் ஆசைப்படும் சூஃப்ரியேர் எரிமலை 1,467 மீட்டர். கரீபியக் கடலின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் சிறு அந்தில் தீவுகளிலேயே உயரமானது இதுதான். 1976-இல் சீறியபோது எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை மாதக்கணக்கில் ஊரைவிட்டே அப்புறப்படுத்தினார்கள். இன்றைக்கும் மேலே வாயு வந்துகொண்டுதான் இருக்கிறது, ஆய்வகம் இரவு பகலாகக் கவனிக்கிறது. உச்சியில் வாயு கக்கும் வாய்களுக்குப் பக்கத்தில் போக அரசு தடை போட்டுத் தடுப்பு கட்டியிருக்கிறது. படம் எடுப்பதற்காக யாராவது அதைத் தாண்டினாலும் நீங்கள் தாண்ட வேண்டாம். அந்தப் புகையில் கந்தகமும் அமிலமும் இருக்கிறது. காற்று திரும்பினால் கண்ணும் தொண்டையும் எரியும். ஆஸ்துமா உள்ளவர்கள் உச்சிக்கே போகக் கூடாது.

ஏறும் விதத்தைச் சொல்கிறேன். விடிவதற்கு முன்பே கிளம்பி ஏழு மணிக்குள் பேன்-ழோன் என்ற இடத்தில் வண்டியை நிறுத்திவிட வேண்டும். அது 950 மீட்டர் உயரம். எட்டு மணிக்கு மேல் நிறுத்த இடமே கிடைக்காது, ஒன்பது பத்துக்கெல்லாம் உச்சியை மேகம் மூடிவிடும். முதல் அரை மணி நேரம் கல் பாவிய காட்டுப் பாதை. கல்மேல் எப்போதும் பாசி ஈரம். இறங்கும்போது வழுக்கி விழுவது பெரும்பாலும் இங்கேதான், ஏறியாகிவிட்டது என்ற தைரியத்தில் வேகமாக நடப்பதால். அதைத் தாண்டினால் மரமே இல்லாத திறந்த வெளி. அங்கிருந்து பாதை மலையின் இடுப்பைச் சுற்றிக்கொண்டு மேலேறும். கை அகலப் பாசி மெத்தைகளும், அதில் செருகி வைத்தது போலச் சிவப்புப் பூ நீட்டிக்கொண்டிருக்கும் காட்டு அன்னாசிச் செடிகளும் இரண்டு பக்கமும் நிற்கும். கடைசிப் பகுதி செங்குத்து, கையையும் ஊன்றித்தான் ஏற வேண்டும். பிள்ளைகளோடு போய்வர நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சியில் குளிரும். கீழே வியர்த்து நனைந்த பருத்திச் சட்டையோடு மேலே போய்க் காற்றில் நின்றால் பத்தே நிமிஷத்தில் பல் தந்தியடிக்கும். காயும் துணிச் சட்டை ஒன்று போட்டு, மாற்றுச் சட்டை ஒன்றை பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துப் போங்கள். குடை பயன்படாது, காற்று பிய்த்துவிடும். தொப்பி வைத்த மழைக்கோட்டு வேண்டும். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். பள்ளம் பள்ளமாக அடி வைத்த ஷூ அவசியம், நடைப்பயிற்சி ஷூவின் தேய்ந்த அடி அந்தக் கல்லில் நிற்காது. மேகம் மூடி, பாதை காட்டும் அடுத்த மஞ்சள் குறி தெரியவில்லையென்றால் அங்கேயே நில்லுங்கள், விலகட்டும். குழி எங்கே, பாதை எங்கே என்று தெரியாத இடம் அது. திரும்பி வந்ததும் பேன்-ழோனில் இளஞ்சூட்டுத் தொட்டி இருக்கிறது, கால் வலிக்கு இதமாக இருக்கும். ஆனால் அக்கா, இங்கே எந்த வெந்நீர் ஊற்றிலும் யாரும் தலை முழுகக் கூடாது. மூக்கு வழியாக மூளைக்கு ஏறும் ஓர் அமீபா அந்தச் சூட்டில் வாழும். அபூர்வம்தான், ஆனால் வந்தால் உயிர் பிழைப்பது அரிது. சின்னவன் மூழ்கி விளையாடுவான், அவனைக் கண்ணைவிட்டு நகர விடாதே.

மலை ஏறாத நாளில் கார்பே அருவி பார்க்கலாம். மூன்று அருவிகளில் இரண்டாவது 110 மீட்டர். வாசலிலிருந்து இருபது நிமிஷ நடையில் பார்க்கும் மேடை வந்துவிடும். 2004 நிலநடுக்கத்துக்குப் பிறகு பாறை சரிந்ததால் அருவியின் அடிக்குப் போகும் வழி மூடப்பட்டது. எந்த ஆற்றில் இறங்கினாலும் ஒன்றை மனதில் வையுங்கள்: தலைக்குமேல் வெயில் அடித்தாலும் மலைமேல் மழை பெய்துகொண்டிருக்கும். தண்ணீர் கலங்கினாலோ, இலைதழை அடித்து வந்தாலோ, சத்தம் மாறினாலோ அந்த நொடியே கரையேறிவிட வேண்டும். செருப்பைத் தேடக்கூட நிற்கக் கூடாது. காலில் புண் இருந்தால் ஆற்றில் இறங்க வேண்டாம், எலிக்காய்ச்சல் இங்கே உண்டு. அத்தானுக்கு ஒரு நல்ல செய்தி, இந்தத் தீவில் விஷப்பாம்பு கிடையாது. பூரான் மட்டும் பெரிதாக இருக்கும். ஷூவை உதறிவிட்டுப் போடுங்கள்.

அருவிக்குப் போகும் சாலை கப்பெஸ்தேர் ஊர் வழியாகத்தான் போகிறது. அங்கே ஷாங்ழி என்ற இந்துக் கோயிலின் கோபுரம் சாலையோரத்திலேயே தெரியும், இறங்கிக் கும்பிட்டுவிட்டுப் போகலாம். 1854 டிசம்பர் 24-ஆம் தேதி ஒரேலி என்ற கப்பல் இந்தியாவிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு இங்கே வந்து சேர்ந்தது. 1889 வரை பாண்டிச்சேரி, காரைக்கால், சென்னை, கல்கத்தா என்று பல துறைகளிலிருந்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் கரும்பு வெட்ட வந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகள் ஓட்டுரிமை பெறுவதற்கு இதே கப்பெஸ்தேரில் பிறந்த ஆன்றி சிதம்பரம் 1904-இலிருந்து இருபது வருஷத்துக்குக் கிட்டப் போராட வேண்டியிருந்தது. இன்றைக்கு அவர்கள் பேசுவது கிரெயோலும் பிரெஞ்சும். பெயர்ப் பலகைகளில் ராமசாமியும் வீரப்பனும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் இருப்பதைக் காட்டினால் பெரியவள் ஆச்சரியப்படுவாள். அவளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக் கூட்டி வா.

கடலுக்கு வருகிறேன். மேற்குக் கரையில் மாலந்தூர் கடற்கரை, மணல் கறுப்பு. எதிரே பிழோன் என்ற சின்னத் தீவுகள். கரையிலிருந்து கொஞ்ச தூரத்திலேயே கடல்புல் மேடை, அங்கே பச்சைக் கடலாமைகள் மேயும். குனிந்து புல்லைக் கடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். சில நிமிஷங்களுக்கு ஒருமுறை தலையை நிமிர்த்தி, துடுப்பை ஒரே ஒரு வீச்சு வீசி மேலே வந்து, தண்ணீருக்கு வெளியே ஒரு மூச்சு இழுத்துவிட்டு மறுபடி இறங்கிவிடும். மூச்சு விடும் அந்தச் சத்தம் பக்கத்தில் கேட்கும். நேர்மேலே மிதந்தால் அது மேலே வர வழியில்லாமல் ஒதுங்கி ஓடும், களைத்துப்போகும். பக்கவாட்டில், ஐந்து மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். தொடவே கூடாது, புல்மேல் கால் ஊன்றவும் கூடாது. காலை ஒன்பது மணிக்குள் போனால் படகும் கூட்டமும் இருக்காது.

முகக் கண்ணாடியை வாடகைக்கு எடுக்கும்போது சோதித்து எடுங்கள். வாரைப் போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சினால் தானாக ஒட்டி நிற்க வேண்டும், விழுந்தால் அது உங்கள் முகத்துக்குச் சேராது. தண்ணீர் கசிவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்: ஓரத்தில் மாட்டிய முடி, அளவுக்கு மேல் இறுக்கிய வார். அத்தானுடைய மீசை மேலுதட்டோரம் கசிய வைக்கும், வருவதற்கு முன் கொஞ்சம் குட்டையாக நறுக்கிக்கொள்ளச் சொல். உள்கண்ணாடியில் எச்சில் தேய்த்துக் கடல் தண்ணீரில் ஒருமுறை அலசினால் ஆவி படியாது. குழாயில் தண்ணீர் புகுந்தால் பயந்து தலையைத் தூக்கக் கூடாது, 'பூ' என்று பலமாக ஊதினால் வெளியே போய்விடும். பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் இதைப் பழகிய பிறகுதான் ஆழத்துக்குப் போக வேண்டும், அதுவும் மிதவைச் சட்டையோடு. நீ சுடிதாரோடு இறங்காதே, துணி தண்ணீரைக் குடித்து இழுக்கும். முழுக்கை லைக்ரா சட்டையும் லெக்கிங்ஸும் போதும். வெயிலில் முதுகு வேகாமலும் காப்பாற்றும். நம் நிறத்துக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்று நம்ப வேண்டாம். நீந்தத் தெரியாதவர்களுக்குக் கண்ணாடி அடித்தளப் படகு இருக்கிறது.

ஆக்ஸிஜன் சிலிண்டர் என்று அத்தான் எழுதியது உண்மையில் அழுத்தக் காற்றுச் சிலிண்டர். முதல் தடவை முங்குகிறவர்களைப் பயிற்சியாளர் கையோடு பிடித்து 6 மீட்டர் வரைக்கும்தான் கூட்டிப்போவார். எட்டு வயதிலிருந்து அனுமதி. சளி இருந்தால் வேண்டாம், காது வலி தாங்காது. முங்கிய மறுநாள் சூஃப்ரியேர் ஏறக் கூடாது என்பதை இங்கே வருகிறவர்கள் பலர் யோசிப்பதில்லை. உடம்பில் தங்கிய நைட்ரஜன் உயரத்தில் குமிழியாகும். 24 மணி நேரம் இடைவெளி வேண்டும். திரும்பும் விமானத்துக்கும் அதே கணக்கு. அதனால் மலையை முதலிலும், முங்குவதை நடுவிலும் வைத்துக்கொள்ளலாம்.

மேற்குக் கரை அமைதி என்றேன், அதற்கு ஒரு விலக்கு உண்டு. குளிர்காலத்தில் வட அட்லாண்டிக் புயல்களிலிருந்து வடக்கு அலை இறங்கி வரும். காற்றே இல்லாமல் வானம் பளிச்சென்று இருக்கும்போதே தேஷேயின் கிராந்த்-ஆன்ஸ் கரையில் அலை ஆளைத் தூக்கி மணலில் அடிக்கும், மாலந்தூரில் தண்ணீர் கலங்கி ஆமையே தெரியாது. அப்படிப்பட்ட நாளில் தெற்கே சேந்த்-ஆன் போய்விடுவோம். பவளத்திட்டு அலையைத் தடுத்துவிடும், பிள்ளைகளுக்கு அதுதான் ஏற்ற இடம். கிழக்கு முனையான பொவேந்த்-தே-ஷாத்தோ பாறையைப் பார்க்கத்தான் போக வேண்டும், குளிக்க இல்லை. சூரியன் உதிக்கும்போது சிலுவை நிற்கும் குன்றின்மேல் ஏறினால் தேசிராத் தீவு எதிரே கிடக்கும்.

லே சேந்த் தீவுக்கு ஒரு முழு நாள். துருவா-ரிவியேரிலிருந்து படகு இருபது நிமிஷம்தான், ஆனால் இடையில் இருக்கும் கடலில் நன்றாக ஆடும். கீழ்த்தளத்தில் பின்பக்கம் உட்காருங்கள், வெறும் வயிற்றோடு ஏறாதீர்கள். நப்போலியோன் கோட்டை காலையில் மட்டும்தான் திறந்திருக்கும், இறங்கியதும் முதலில் அதற்குப் போக வேண்டும். துறையில் பெண்கள் கூடையில் வைத்து விற்கும் தேங்காய்ப் பூரணக் கேக் உனக்குப் பிடிக்கும். வடக்கே சேந்த்-ரோஸிலிருந்து கண்டல் காட்டுக்குள் துடுப்புப் படகில் போகலாம், அதற்குக் காற்று குறைந்த காலைதான் சரி.

கரையோர மரங்களில் அடியில் சிவப்புப் பட்டை அடித்திருந்தால் அதன் கீழே உட்காராதீர்கள். மான்செனிலியே என்ற மரம், காய் சின்னப் பச்சை ஆப்பிள் மாதிரி, வாசனையும் நன்றாக இருக்கும். கடித்தால் தொண்டை வெந்துவிடும். மழைக்கு ஒதுங்கினாலும் இலையில் வடியும் தண்ணீர் பட்டுத் தோல் கொப்பளிக்கும். எல்லா மரத்துக்கும் குறி இருக்காது, பிள்ளைகளிடம் முதல் நாளே காய்ந்த காயைக் காட்டிவிடுவேன்.

வண்டி வலதுபக்கம் ஓட்ட வேண்டும். அத்தான் அங்கேயே ஆர்.டி.ஓ.வில் சர்வதேச உரிமம் வாங்கிவிடட்டும். மலையடிவாரத்தில் வண்டிக்குள் பை எதையும் வைத்துவிட்டுப் போகக் கூடாது. ஞாயிறு மதியத்துக்கு மேல் கடையும் இல்லை, பஸ்ஸும் இல்லை. பிப்ரவரியில் கார்னவல் ஊர்வலத்துக்குச் சாலையும் அடைப்பார்கள். மாலை ஆறேகாலுக்கெல்லாம் பொழுது சாய்ந்து சட்டென்று இருட்டிவிடும், காட்டுப் பாதையில் நாலு மணிக்கே திரும்ப வேண்டும். எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வராத நாளும் உண்டு, பீப்பாயில் பிடித்து வைத்திருப்போம், அதை நினைத்துக் கவலைப்படாதே. ஊறுகாய், பொடி வகை கொண்டு வரலாம். கறிவேப்பிலை, பழம், விதை, கறி, பால் பண்டம் வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள்.

டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வண்டி கிடைப்பது கஷ்டம், கியர் மாற்றத் தேவையில்லாத வண்டி இன்னும் கஷ்டம். டிக்கெட் தேதி முடிவான அன்றைக்கே வாட்ஸப்பில் சொல். நாலு பேருடைய கால் அளவையும் சென்டிமீட்டரில் எழுதி அனுப்பு, நீந்தும் துடுப்புகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

அன்புடன்,
தம்பி