கண்காட்சிக் குழுவினருக்கு: மூன்றாவது கட்டத்தை எடுத்துவிடுங்கள்

மதிப்பிற்குரிய பாரம்பரியக் கண்காட்சி ஏற்பாட்டுக் குழுவினருக்கு,

வணக்கம். புதுச்சேரியில் நீங்கள் நடத்திய கண்காட்சியை அப்பாவோடு வந்து பார்த்தேன். எந்தப் பலகையைப் பற்றி எழுதுகிறேன் என்பது உங்களுக்கே தெரியும். கருத்துப் பதிவேட்டில் எனக்கு முன்பே வேறு சிலரும் அதைப் பற்றி எழுதியிருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயில் படத்துக்குக் கீழே, கல்லை எப்படி மேலே ஏற்றியிருப்பார்கள் என்று கேட்டு மூன்று கட்டம் போட்டிருந்தீர்கள். சாரப்பள்ளம் என்ற ஊரிலிருந்து நீண்ட சாய்தளம் என்பது ஒன்று. கோயில் விமானத்தைச் சுற்றிக் கட்டிய சாரம் என்பது இரண்டாவது. "மனிதரால் இயலாதது, வேற்றுக்கிரகத்தவர் உதவியிருக்கலாம்" என்பது மூன்றாவது. பிள்ளைகள் தங்களுக்குச் சரி என்று படும் கட்டத்தில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நாங்கள் பார்த்தபோது மூன்றாவது கட்டத்தில் ஒட்ட இடமே இல்லை.

இதே பலகை அடுத்து கடலூர் பக்கத்துப் பள்ளிகளுக்குப் போகிறது என்று அறிவித்திருக்கிறீர்கள். போவதற்கு முன் அந்த மூன்றாவது கட்டத்தை எடுத்துவிடுங்கள். இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

அங்கிருந்த பொறுப்பாளரிடம் சொன்னேன். "இது விவாதம்தானே, எல்லாக் கருத்துக்கும் இடம் கொடுக்க வேண்டாமா?" என்றார். விவாதம் இருப்பது உண்மைதான், அதை நான் மறுக்கவில்லை. பெரிய கோயிலின் உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒற்றைக் கல் என்று ஊரெல்லாம் சொல்கிறார்கள். அது ஒரே கல் அல்ல, பல துண்டுகளை இணைத்தது என்று ஆய்வாளர் குடவாயில் பாலசுப்ரமணியன் நெடுங்காலமாகச் சொல்லி வருகிறார். அவர் சொல்வதை எடுத்துக்கொண்டால் சாய்தளம் எவ்வளவு தேவைப்பட்டிருக்கும் என்ற கணக்கே மாறிவிடும். உங்கள் பலகையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல் வட்டத்துக்கு வேல்ஸிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பாலிருந்து வந்த நீலக்கற்களை மனிதர்கள் இழுத்து வந்தார்களா, பனியாறு பாதி வழி கொண்டுவந்து போட்டதா என்று இன்றும் சண்டை நடக்கிறது. பசிபிக் கடலில் உள்ள ஈஸ்டர் தீவின் பெரிய கற்சிலைகளைப் படுக்கவைத்து இழுத்தார்களா, நிற்கவைத்துக் கயிறு கட்டி ஆட்டி ஆட்டி நடக்கவைத்தார்களா என்பது இன்னொரு சண்டை. நிற்கவைத்து நடத்த முடியும் என்பதை 2012இல் வெளியான ஒரு சோதனையில் 18 பேர் ஒரு மாதிரிச் சிலையை நகர்த்திக் காட்டினார்கள். இவையெல்லாம் விவாதங்கள். இரண்டு பக்கமும் ஆதாரத்தோடு பேசுகிறார்கள். மூன்றாவது கட்டத்துக்கு என்ன ஆதாரம் வைத்திருக்கிறீர்கள்?

நம் கடற்கரைச் சாலைக்கே வாருங்கள். காந்தி சிலையைச் சுற்றி நிற்கும் உயரமான கற்தூண்கள் செஞ்சியிலிருந்து வந்தவை. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டுவந்தார்கள். கிரேன் கிடையாது, லாரி கிடையாது, இடையில் ஏறக்குறைய 70 கிலோமீட்டர். அந்தத் தூண்களைப் பார்த்து வேற்றுக்கிரகவாசி வந்தானா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. 1770இல் ரஷ்யாவில் பீட்டர் மன்னரின் சிலைக்குப் பீடமாக 1,200 டன்னுக்கும் மேலான பாறையை, வெண்கல உருண்டைகள் மேல் உருட்டி, ஏறக்குறைய 400 பேர் கையாலேயே கடற்கரை வரை இழுத்தார்கள். அதையும் யாரும் சந்தேகிப்பதில்லை. சோழநாட்டுத் தச்சன் செய்தான், எகிப்தியன் செய்தான் என்றால் மட்டும் வானத்திலிருந்து ஆள் வர வேண்டியிருக்கிறது. இது எனக்கு உறுத்துகிறது. உங்களுக்கும் உறுத்தியிருக்க வேண்டும்.

எகிப்தில் ஆதாரம் கண்முன்னே கிடைத்திருக்கிறது. 2013இல் செங்கடல் ஓரம் வாடி அல்-ஜார்ஃபில் கிடைத்த பாப்பிரஸ் சுருள்களில் மெரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு இருக்கிறது. சுமார் 40 பேர் கொண்ட தன் குழு, துரா என்ற இடத்தில் சுண்ணாம்புக்கல்லைப் படகில் ஏற்றி, பெரிய பிரமிடு இருக்கும் கிசாவுக்குக் கொண்டுபோனதை நாள்வாரியாக எழுதி வைத்திருக்கிறார். ஜெஹுதிஹோதெப் என்ற எகிப்திய ஆளுநரின் கல்லறை ஓவியத்தில் 172 பேர் ஒரு பெரிய சிலையைச் சறுக்குக்கட்டையில் வைத்து இழுக்கிறார்கள். முன்னால் ஒருவர் மணலில் தண்ணீர் ஊற்றுகிறார். அந்தத் தண்ணீருக்கு என்ன வேலை என்று 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தினர் சோதித்தார்கள். சரியான அளவு ஈரம் இருந்தால் இழுவிசை பாதியாகக் குறைகிறது. பள்ளிப் பிள்ளைகள் ஒரு தட்டு மணலும் ஒரு குவளைத் தண்ணீரும் வைத்துச் செய்து பார்க்கக்கூடிய சோதனை இது. அந்தச் சோதனையை வைத்திருக்க வேண்டிய இடத்தில் நீங்கள் ஸ்டிக்கரை வைத்தீர்கள்.

இனி, நான் இதை எழுதக் காரணமான விஷயம். என் அப்பா திருவக்கரைப் பக்கம் கல் குவாரியிலும், அப்புறம் வில்லியனூரில் ஒரு கல் பட்டறையிலும் வேலை பார்த்தவர். கோயில் திருப்பணிக்குத் தூண், நிலைக்கால், படிக்கல் எல்லாம் நகர்த்தியவர். கிரேன் வராத சந்துகளில் வேலை எப்படி நடக்கும் என்பதைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். கடப்பாரை நுனியைக் கல்லுக்கு அடியில் கொடுத்து, ஒரு சின்னக் கல்லை முட்டுக் கொடுத்து நெம்புவார்கள். ஒரு விரற்கடை எழும்பும். அந்த இடைவெளியில் சவுக்குக் கட்டையைச் செருக வேண்டும். இப்படியே மூன்று நான்கு கட்டை போட்டபின் வடத்தைக் கட்டி இழுத்தால் கல் நகரும். பின்பக்கம் வெளியே வரும் கட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடி முன்னால் போட ஓர் ஆள். இறக்கம் வந்தால் குறுக்கே கட்டை கொடுத்து நிறுத்த இன்னோர் ஆள். கல்லை ஓட்டுவதைவிட நிறுத்துவதுதான் கஷ்டம் என்று அப்பா சொல்வார். ஒருமுறை கடப்பாரை நழுவியதில் அவருடைய மோதிர விரலின் மேல் கணு போய்விட்டது. கல் உரிய இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனாராம்.

அவர் உங்கள் பலகை முன் நின்று எழுத்துக் கூட்டி வாசித்தார். "மனிதரால் இயலாதது" என்ற வரிக்கு வந்ததும் திரும்பி, "இதை எழுதினவர் கடப்பாரை பிடிச்சிருக்காராம்மா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

பலகையின் ஓரத்தில் கொரக்கோட்டைக் கல்லின் படமும் போட்டிருந்தீர்கள். 2018 இறுதியில் வந்தவாசிப் பக்கத்துக் கொரக்கோட்டையிலிருந்து பெங்களூருக்குப் புறப்பட்ட சிலைக்காக 240 சக்கர லாரியே மாதக்கணக்கில் திணறியதே, அந்தக் காலத்தில் எப்படி முடியும் என்பது உங்கள் வாதம். அது 300 டன்னுக்கும் மேற்பட்ட ஒற்றைக் கல். வழியில் பாலமும் வீடும் கடையும் குறுக்கே நின்றன. டயர்கள் வெடித்தன. கல்லை நகர்த்தத் தெரியாததாலா அது நின்றது? இன்றைய சாலையும் பாலமும் அந்தப் பாரத்துக்குப் போடப்பட்டவை அல்ல. அந்தக் கல்லும் கடைசியில் போய்ச் சேர்ந்தது, மனிதர்கள்தான் கொண்டு சேர்த்தார்கள்.

பெரிய கோயிலைக் கட்டிய ராஜராஜன் 'கொடுத்தார் கொடுத்தனவும்', அதாவது மற்றவர்கள் கொடுத்ததையும், கல்லில் வெட்டச் சொன்னவன். குஞ்சரமல்லன் என்ற பெருந்தச்சன் பெயர் அந்தக் கோயில் கல்வெட்டில் இருக்கிறது, நாவிதர் பெயர்கூட இருக்கிறது. வடம் பிடித்து இழுத்தவர்களின் பெயர் இல்லை. இன்றும் அவர்கள் நிலை அப்படித்தான். கல் தூசி நெஞ்சில் கட்டி சிலிகோசிஸ் வந்து இருமுகிறவர்களின் பெயர் எந்தத் திறப்பு விழாக் கல்வெட்டிலும் வருவதில்லை. கூலி பாக்கி, விபத்துக்கு இழப்பீடு இல்லை, பட்டறை மூடினால் போக்கிடம் இல்லை. இதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பல்ல, தெரியும். ஆனால் அவர்களுக்கு மிச்சமிருப்பது 'இதை நம் ஆட்கள் செய்தார்கள்' என்ற ஒரு பெருமைதான். அதையும் பிடுங்கி வேறு யாருக்கோ கொடுக்க வேண்டாம்.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது இவ்வளவுதான். மூன்றாவது கட்டத்தை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் மணல் தட்டை வையுங்கள். முடிந்தால் ஒரு சறுக்குக்கட்டை, நாலு சவுக்குக் கட்டை, ஒரு வடம், ஓர் அம்மிக்கல். வில்லியனூர்த் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களில் ஒருவரைக் கூப்பிட்டுப் பிள்ளைகளுக்குச் செய்து காட்டச் சொல்லுங்கள். அப்பாவும் வருவார், கேட்டுவிட்டேன். கூலி எதுவும் வேண்டாம், பேருந்துச் செலவை நாங்களே பார்த்துக்கொள்கிறோம். கடலூர்ப் பள்ளிகளுக்கான தேதி முடிவானதும் தயவுசெய்து தெரிவியுங்கள்.

இப்படிக்கு,
வில்லியனூர்க் கல் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகள்